குழாயடியில் ஒரு வழக்கு

நம் பழைய லைன்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் யாரோ ஒரு வீடியோ போட்டிருந்தீர்கள். செல்போன் திருடிய பையன் ஒருவனை விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து ஊரே அடிக்கிறது. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நானும் ஒரு கட்டைவிரல் வைத்தேன். கண்ணாடி போடாமல் பார்த்ததில் ஏதோ கம்பம் நடும் திருவிழா என்று நினைத்துவிட்டேன். கண்ணாடி போட்டுப் பார்த்ததும் பதறிப்போய் விரலை எடுக்கப் போனவன், கைதவறி சிவப்பு இதயத்தை வைத்துவிட்டேன். அதை எடுக்கத் தெரியாமல் பெங்களூர் ரயிலில் பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் போனை நீட்டினேன். அவள் எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, அடித்ததே நான்தான் என்பது போல ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தப் பார்வை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் குழாயடியிலும் ஒருவன் பிடிபட்டான். அவனையும் கட்டிவைக்கக் கம்பம் இருந்தது, கயிறு இருந்தது, அடிக்க ஆளும் இருந்தார்கள். உங்களில் பாதிப் பேர் அப்போது அங்கே இருந்தவர்கள்தான். நான் எங்கேயாவது என்னைப் பெரிய ஆளாகக் காட்டினால் மட்டும் குறுக்கிடுங்கள்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் நம் தொழிலாளர் லைனுக்கு ஒரே குழாய். ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய தகரக்கூரை வீடுகள், நடுவில் சிமெண்டு மேடை, அதன்மேல் தலை சாய்ந்த அந்தப் பித்தளைக் குழாய். அந்த வருஷக் கோடையில் காலையில் ஒரு மணி நேரம் வந்தால் பெரிய விஷயம். தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய சயனைட் மேட்டிலிருந்து காற்று அடித்தால் வெள்ளைத் தூள் பறந்து வந்து குடத்துக்குள் படியும். ஈரத் துணியால் மூடிவைப்பார்கள். அந்தத் துணியின் வாசனை, ஈயம் பூசிய பாத்திரத்தில் ஊறிய தண்ணீர் வாசனை, இரண்டும் கலந்து ஒரு நெடி இருக்குமே. இன்றைக்குக் கேன் தண்ணீரில் அது கிடைப்பதில்லை. கிடைத்தால் வேண்டாம் என்பேன், அது வேறு.

வரிசை முந்தின இரவே போட்டாகிவிடும். குடத்தை வைத்தால் மாயமாகும் என்பதால் ஆளுக்கு ஓர் அடையாளம்: உடைந்த செங்கல், பழைய சட்டி, அறுந்த செருப்பு. எங்கள் வீட்டுக்கு ஒடுங்கிய டால்டா டப்பா. யாருடைய டப்பாவையும் யாரும் நகர்த்த மாட்டார்கள். புருஷனைக் கண்டபடி திட்டுகிற பெண்கள்கூட பக்கத்து வீட்டுச் செங்கலுக்கு மரியாதை கொடுப்பார்கள். ஒருத்தி குடம் நிறைகிற வரை அடுத்தவள் தன் குடத்தை உள்ளே நீட்டக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

இந்த வரிசையில் இடமே இல்லாத ஒருவன் இருந்தான். ஆண்டர்சன்பேட்டை பஜாரில் சோடாக்கடை வைத்திருந்தவரின் மகன். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். பஜாரில் கிணறு வற்றிவிட்டதால் தள்ளுவண்டியில் பீப்பாய்கள் ஏற்றிக்கொண்டு நம் குழாய்க்கு வருவான். லைன்காரர்கள் பிடித்து முடித்த பிறகு மிச்சம் இருந்தால் அவனுக்கு. பெரும்பாலும் மிச்சம் இருக்காது. குழாய் காற்றைக் கக்கும், அவன் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான். நாங்கள் பொடியன்கள் பின்னாலேயே ஓடி, "சோடா, சோடா, வெறும் கேஸ்டா" என்று கத்துவோம். அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

அன்றைக்கும் அவன் கடைசியில்தான் நின்றான். அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட். வீட்டில் உலை வைத்துவிட்டு அம்மா என்னை வரிசைக்கு அனுப்பியிருந்தாள். எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா. அவள் புருஷனும் அதே ஷிஃப்டில் கீழே சுரங்கத்தில் இருந்தார். ஊதுபத்தி உருட்டுகிறவள் அவள். கையெல்லாம் கரிப்பொடி, பேச்சில் மட்டும் மணம் இருக்காது. "இன்னாடா, நேத்து குளிச்சியா, இல்ல தண்ணி மிச்சம் புடிச்சி நாட்டுக்கு சேவ பண்றியா?" என்று என்னைச் சீண்டிக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சாஃப்ட்ல பிளாஸ்ட்!"

இந்தச் சொல்லை நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாஃப்ட் என்பது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி; அதன் ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சரிவதைத்தான் நம் ஆட்கள் பிளாஸ்ட் என்பார்கள். சில சமயம் மேலே வீட்டில் பாத்திரம் உருளும், நமக்கே தெரிந்துவிடும். சில சமயம் மேலே ஒரு தகரம்கூட அசையாது. யாராவது ஓடிவந்து சொன்னால்தான் உண்டு. சொன்னவன் யார், எப்படித் தெரியும் என்றெல்லாம் நின்று கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டதும் ஓடுவதுதான் வழக்கம். அக்காவின் அண்ணன் அப்படி ஒரு காலையில்தான் போய்ச் சேர்ந்தார்.

குடங்கள் உருண்டன. ஒட்டுமொத்தக் குழாயடியும் சாஃப்டை நோக்கி ஓடியது. வீடுகளிலிருந்து பெண்கள் மாவுக் கையோடு, ஈரத் தலையோடு ஓடினார்கள். எல்லாரும் மேற்கே ஓட, நான் ஒருவன் மட்டும் கிழக்கே ஓடினேன். அம்மா வீட்டிலிருந்து ஓடிவருகிறாள், நான் வீட்டை நோக்கி ஓடுகிறேன். வழியில் இருவரும் முட்டிக்கொள்ளாதது ஆச்சரியம்.

என் பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது, கேளுங்கள். அப்பாவுக்கு ஏதாவது ஆனால் கம்பெனி மகனுக்கு வேலை கொடுக்கும். வாரிசு வேலை. வீட்டில் ஒரே மகன் நான்தான். ஆகவே நாளைக் காலைச் சங்கு ஊதினால் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்க வேண்டியவன், நான்காம் வகுப்பில் கணக்கில் தோற்ற நான். இருட்டில் கொல்லைக்குப் போகவே துணை கேட்கிறவன். கட்டிலுக்கடியில் புகுந்தேன். அங்கே அப்பாவின் பழைய கம்பூட்ஸும் தொப்பியும் கிடந்தன. ரப்பரும் பழைய வியர்வையும் கலந்த வாசனை. எப்படியும் போட்டுத்தானே ஆக வேண்டும் என்று அழுதுகொண்டே போட்டுப் பார்த்தேன். பூட்ஸ் தொடை வரை வந்தது. தொப்பி மூக்கில் வந்து நின்றது. எழுந்து நாலடி வைத்தேன். கண் தெரியாமல் வாசற்படி இடறித் தெருவில் விழுந்தேன்.

எதிர்வீட்டு மேஸ்திரி இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர், சத்தத்தில் எழுந்து வந்தார். தொப்பியும் பூட்ஸுமாகத் தெருவில் கிடந்தவனைப் பார்த்தார். "அப்பன தேடிகினு தொப்பியோட கெளம்பிட்டான் பாரு. புலிக்குட்டிடா நீ" என்று கண் கலங்கினார். எனக்கு வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அழுகைதான் வந்திருக்கும்.

சாஃப்ட் வாசலில் மேலே கேஜை இழுக்கும் சக்கரம் எப்போதும் போலச் சுற்றிக்கொண்டிருந்ததாம். வாட்ச்மேன், "இன்னாம்மா, எல்லாம் ஒண்ணா வந்துகீறீங்க? ஒண்ணும் ஆவலியே" என்றானாம். நம்பாமல் கீழே போன் போட்டுக் கேட்கவைத்தார்கள். கேட்டும் நம்பாமல், ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் மேலே வருகிற வரை வெயிலில் நின்றவர்கள் பலர். அக்கா வாசல் வரை போய்ச் சேரவே இல்லை. ரயில் தண்டவாளத்தில் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து கிடந்தாள்.

பிளாஸ்ட் என்று கத்திய சோடாக்கடை மகன், ஆளில்லாத குழாயில் பீப்பாய்களை நிரப்பிவிட்டான். இத்தனை கனத்தோடு அவன் வண்டி தள்ளியதே இல்லை போலிருக்கிறது. லைன் முனைச் சாக்கடையில் சக்கரம் இறங்கி மாட்டிக்கொண்டது. திரும்பி வந்தவர்கள் அங்கேயே பிடித்தார்கள். மேஸ்திரி விட்ட அறையில் அவன் உதடு கிழிந்தது. பஜனைக் கூடத்தில் போட்டுக் கதவைத் தாழிட்டார்கள்.

அன்று மாலை லைன் முழுக்க அதே பேச்சு. ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போவது என்று மேஸ்திரி முடிவு கட்டிவிட்டார். அப்பாவும் ஆமாம் என்றார். என்னை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பன தேடிகினு வந்தியாடா" என்று தலையைத் தடவிக்கொண்டே ஆமாம் என்றார். எனக்கு அன்றைக்கு முட்டை கிடைத்தது. அவன் ஜெயிலுக்குப் போவது பற்றி எனக்கு மறுப்பே இல்லை. அவன் போய்விட்டால் புலிக்குட்டிப் பட்டம் நிரந்தரம்.

சோடாக்கடைக்காரர் ஓடிவந்தார். கும்பிட்ட கையை இறக்கவில்லை. "கை கால ஒடிச்சிக் குடுங்க, வாணாம்னு சொல்லல. போலீஸ் மட்டும் வாணாம்யா. நாளைக்கே மெட்ராஸ்ல மாமன் வீட்டுக்கு அனுப்பிடறேன். இந்தப் பக்கம் அவன் நெழல்கூட வராது."

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அக்கா அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கினாள்.

"மெட்ராஸ்க்கு அனுப்பிட்டா எனுக்கு யாரு பதில் சொல்றது, மொதலாளி?" என்றாள்.

"ஸ்டேஷன்ல சொல்லுவான்" என்றார் மேஸ்திரி.

"ஸ்டேஷன்ல அவங்களுக்குச் சொல்லுவான். உழுந்தது நானா, இன்ஸ்பெக்டரா? எனுக்குச் சொல்லட்டும். காலைல குழாயாண்ட இட்னு வாங்க. அப்புறம் ஸ்டேஷன் எங்க ஓடிடப்போவுது?"

அடிபட்டவள் சொல்லும்போது மேஸ்திரியால் மறுக்க முடியவில்லை. நாளைக் காலைக்குப் பிறகு ஸ்டேஷன்தான் என்று மீசையைத் துடைத்துக்கொண்டு போனார்.

காலையில் தண்ணீர் வருவதற்கு முன்னால் எல்லாரும் கூடிவிட்டார்கள். சிமெண்டு மேடைக்குப் பக்கத்தில் அவனை நிற்கவைத்தார்கள். எடுத்தவுடன் பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினார்கள். அக்கா முறியாத கையால் ஒரு காலிக் குடத்தைத் தட்டினாள்.

"ஒர்த்தர் புடிக்கசொல்ல இன்னொருத்தர் கொடத்த உள்ள நீட்டுவமா? அதே மாதிரி தான். நேத்து யார் டப்பா எங்க இருந்துச்சோ, அந்த வரிசைல பேசுங்க. இவன் மேல கை வெச்சா வரிசைல கடசிக்குப் போய்டணும்."

இதைவிடப் பெரிய மிரட்டல் அந்த லைனில் கிடையாது. சத்தம் அடங்கியது. கவிழ்த்த குடங்களின்மேல் வரிசைப்படி உட்கார்ந்தார்கள்.

முதல் ஆள், தன் தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளைக் குடம் நசுங்கியதைக் காட்டினாள். அடுத்தவள், அடுப்பில் வைத்துவிட்டு ஓடிய சோறு கரியாகி, பாலுக்கு அழுத குழந்தை தனியாகக் கத்திக்கொண்டிருந்ததைச் சொன்னாள். இன்னொருத்தி, ராத்திரி முழுக்கப் புருஷன் மூக்கில் விரல் வைத்து மூச்சு பார்த்தேன் என்றாள். ஒவ்வொருத்தி முடித்ததும் அவன், "தப்புதான்கா, மன்னிச்சிடுங்க" என்றான். கோலியை அழுத்தினால் சோடா சத்தம் போடுவது போல. அழுத்தினால் ஒரு புஸ், அவ்வளவுதான். கண் தரையில்.

அக்காவின் முறை வந்தது.

"கை வலி போய்டும். எங்க அண்ணன் செத்த அன்னிக்கி இப்டி தான் ஒர்த்தன் வந்து சொன்னான். அன்னைலருந்து அந்த வார்த்த காதுல உழுந்தா ஓடுவேன். யார் சொன்னான்னு பாக்க மாட்டேன். இனிமே எவனாவது சொன்னா நான் ஓடறதா, இல்ல உன்ன மாதிரி எவனோ தண்ணிக்குக் கத்தறான்னு நின்னுக்கறதா? நின்னுகினு இருந்து, அது நெஜமா இருந்துட்டா? அத்த மட்டும் எனுக்குச் சொல்லு."

"தப்புதான்கா, மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு நான் கேக்கலடா. கேட்டது வேற."

மேஸ்திரி, "பாத்தியா? இதுக்கு மேல ஸ்டேஷன் தான்" என்று எழுந்தார். ஆனால் வரிசை முடியவில்லை. அக்காவுக்கு அடுத்தது டால்டா டப்பா.

நான் அம்மாவின் முந்தானைக்குள் நுழைந்தேன். "எங்கம்மா பேசுவாங்க" என்றேன்.

"குழாயாண்ட நின்னது உங்கம்மாவா? டப்பாவுக்கு யார் நின்னாங்களோ அவுங்க தான்" என்றாள் அக்கா.

எழுந்தேன். எனக்குப் பயம் வந்தால் வேடிக்கை வரும், இன்றும் அப்படித்தான். "என் டப்பா ஒடுங்கிப்போச்சி" என்றேன். அது பிறவியிலேயே ஒடுங்கிய டப்பா என்று எல்லாருக்கும் தெரியும். கொல்லென்று சிரித்தார்கள். தப்பித்தோம் என்று உட்காரப் போனேன்.

"டப்பாவ உடு" என்றாள் அக்கா. "உனுக்கு இன்னா ஆச்சி?"

பிறகு எத்தனையோ பேர் என்னிடம் ஏன் செய்தாய், எதற்குப் போனாய், யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார்கள். உனக்கு என்ன ஆயிற்று என்று இத்தனை பேர் நடுவில் ஒருவர் கேட்டது அந்த ஒரு தடவைதான். புலிக்குட்டி என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் வேறு எதையோ சொல்லிக்கொண்டு போனது. வீட்டுக்கு ஓடியது, கட்டிலுக்கடியில் ஒளிந்தது, நாளைக்கு நான்தான் இறங்கணும் என்று நினைத்தது, பூட்ஸ் பெரிதாக இருந்ததால் அழுதது. எல்லாம் வந்துவிட்டது.

சிரிப்பு எழுந்தது. நேற்றுக் கண் கலங்கிய மேஸ்திரிதான் அதிகம் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். சிரிக்காத இன்னொருவன் அவன். முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான்.

"எது வரிக்கும் வந்துச்சி பூட்ஸு?" என்று என்னிடம் கேட்டான்.

தொடையைத் தொட்டுக் காட்டினேன்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நின்ற இடத்திலேயே குந்திவிட்டான். "குழாயாண்ட கீறவங்க கொஞ்சம் நவுந்து எட்டிப் பாப்பாங்கன்னு தான் நெனச்சேன்" என்றான். "நாங்க பஜார்க்காரங்க. எங்க ஊட்ல யாரும் கீழ எறங்கனது இல்ல. வீட்டுக்குள்ள ஒரு பையன் பூட்ஸப் போட்டு அழுவான்னு… சத்தியமா எனுக்குத் தெரியாதுக்கா."

பிறகு அக்காவைப் பார்த்தான். "ஓடறதா வாணாமான்னு கேட்டீங்க. தெரியலக்கா. நானா இருந்தா இனிமே ஓட மாட்டேன். அவ்ளோ கெடுத்துட்டேன்."

"இப்ப தான் பதில் சொன்ன" என்றாள் அக்கா.

அவன் பீப்பாயும் வரிசையின் கடைசியில் இருந்தது, ஆகவே அவனுக்கும் முறை உண்டு என்றாள். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: காலி வண்டியோடு போனால் அப்பா பெல்ட்டால் அடிப்பது, பல நாளாக அவன் முறை வரும்போது குழாய் நின்றுபோவது, பொடியன்கள் பின்னால் கத்துவது. இந்த இடத்தில் பொடியன்கள் வானத்தைப் பார்த்தோம். சோடாக்கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

அக்கா கேட்டது இவ்வளவுதான். தன் கட்டு அவிழ்கிற வரை தினமும் அவள் வீட்டுத் தண்ணீரை அவன் பிடித்துத் தர வேண்டும். நசுங்கிய குடங்களைப் பஜாரில் தட்டி நிமிர்த்திக்கொண்டு வர வேண்டும். ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் ஒரு வாரம் சாஃப்ட் வாசலில் பெண்களோடு நிற்க வேண்டும். இனி அவனுக்கும் வரிசையில் ஓர் இடம்; அக்காவின் செங்கலுக்கு அடுத்து அவன் பீப்பாய். எனக்குத்தான் ஒரு இடம் பின்னால் போயிற்று.

"இத்தப் போய் தண்டனன்னு சொன்னா ஊரே சிரிக்கும்" என்றார் மேஸ்திரி.

"தண்டனன்னு யார் சொன்னா? நேத்து ஒரு அற உட்டீங்களே, அதுல யார் கொடம் நிமுந்துச்சி?"

மேஸ்திரி எழுந்து போய்விட்டார். ஸ்டேஷன் பக்கம் அல்ல, வீட்டுப் பக்கம்.

ஒரு வாரம் அவன் வாசலில் நின்றதை நானும் போய்ப் பார்த்தேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கேஜ் மேலே வந்து கதவு திறக்கும். எல்லா முகமும் ஒரே கருப்பு. பெண்கள் யாரையும் கூப்பிட மாட்டார்கள். நடையை வைத்தே தன் ஆளைக் கண்டுபிடித்து, மூச்சை விட்டு, ஒன்றுமே நடக்காதது போல "கொழம்பு ஆறிப்போச்சி" என்பார்கள். முதல் நாள் அவன் முகத்தை முகமாகப் பார்த்தான். வார முடிவில் அவனும் காலைப் பார்க்கப் பழகியிருந்தான். அக்கா புருஷனின் லேசான நொண்டல் தெரிந்ததும், "அதோ அண்ணன்" என்று அக்காவுக்கு முன்னால் சொன்னான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சோடா எதுனா கீதா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அந்த வாரிசு வேலை வரவே இல்லை. நான் வளர்வதற்குள் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். என் பயம் அவ்வளவு பலமானது.

கோடை முடிகிற சமயம். முதல் மழை தூறிக்கொண்டிருந்தது, குழாயிலும் நல்ல வேகம். அக்காவுக்குக் கட்டு அவிழ்த்திருந்தார்கள். குடத்தை அவளே பிடித்துக்கொண்டிருந்தாள். சாஃப்ட் ஆபீசுக்குச் சோடா கொண்டுபோயிருந்த அவன், வண்டியில்லாமல் ஓடிவந்தான். லைன் முனை வரை ஓடினவன், அங்கிருந்து நடந்தான். கூட்டத்தின் நடுவே ஒவ்வொருவராக விலக்கி அக்காவிடம் வந்தான்.

"அக்கா" என்றான் மெதுவாக. "பிளாஸ்ட். நெஜமா."

குழாயடியில் ஒருவரும் அசையவில்லை. யாரோ, "மறுபடியுமா?" என்றார்கள். நான் அவன் முகத்தைப் பார்த்தேன், பிறகு அக்காவைப் பார்த்தேன். எல்லாரும் அக்காவைத்தான் பார்த்தார்கள்.

அக்கா அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குடத்தைக் குழாய்க்கடியிலேயே விட்டாள். ஓடினாள்.

அவள் பின்னால் லைன் ஓடியது. நானும் ஓடினேன், இந்த முறை மேற்கே. வீரம் என்று எழுத ஆசைதான். கிழக்கே தனியாக ஓடப் பயமாக இருந்தது, உண்மை அதுதான்.

வாசலில் வெகுநேரம் நின்றோம். கேஜ் வந்தது. இருவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். இருவருக்கும் உயிர் இருந்தது. பின்னால் அப்பாவின் நடை. அதற்கும் பின்னால் அந்த நொண்டல். அவன் எங்களோடு நின்றுகொண்டிருந்தான், இன்னும் மூச்சு வாங்கியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா முனையிலருந்து நடந்து வந்த?"

"நான் கத்தினா யாரும் நம்ப மாட்டாங்கன்னு…"

"அடுத்த வாட்டி கத்து. கிட்ட வந்து சொல்ற நேரத்துல நாங்க பாதி வழி போய்ட்டிருப்போம்."